ஒரு வேலைக்கு ஒரு பாட்டு

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்" என்று இரண்டு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பயனில்லை. நிமிடக் கணக்கு அந்த வயதில் பிடிபடாது. ஆனால் ஒரு பாட்டு முடிவது நன்றாகவே பிடிபடும். அதனால் வீட்டில் முக்கியமான வேலைக்கெல்லாம் ஒரு பாட்டு வைத்திருக்கிறேன்.

கை கழுவும்போது குறைந்தது 20 விநாடி சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். மகளுக்கு எண்ணிக் காட்டுவதைவிட, 'உள்ளங்கை தேய், புறங்கை தேய், விரலிடுக்கில் விட்டுத் தேய், கட்டைவிரலைச் சுத்தித் தேய்' என்று நானே கட்டிய வரிகளை இரண்டு முறை நிதானமாகப் பாடினால் போதும். வரி சொல்லும் இடத்துக்கு அவள் கை தானாகப் போகிறது. கட்டைவிரலை நான் விட்டுவிட்டால் பாட்டை நிறுத்தித் திருத்துகிறாள். பல் தேய்க்க 2 நிமிடம் வேண்டும், அதற்கு நீளமான பாட்டு.

பாட்டை மட்டும் தினம் மாற்றாதீர்கள். மாற்றினால் அது வெறும் பாட்டாகிவிடும், 'அடுத்து இது' என்ற அடையாளம் போய்விடும். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை, ஃபோனைவிட நம் குரல்தான் நல்லது என்பேன். சட்டைக் கைக்குள் அவள் கை சிக்கும்போது நான் அந்த வரியிலேயே காத்திருக்கலாம். ஃபோன் காத்திருக்காது.

தூங்க வைக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முனகுவேன்.

பொம்மைகளை எடுத்துவைக்கும் பாட்டுதான் இன்னும் சரியாக அமையவில்லை. பாட்டு பிடித்துப்போய், நிரம்பிய கூடையை மறுபடி கொட்டி "இன்னொரு தடவ" என்கிறாள்.