மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டார் நெக்: கடலோர ஊரில் வாங்குவதும் பூச்சு போடுவதும்

ட்ரஸ் ராடு (உள்ளே ஓடி வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வழுக்கிப்போன நெக் (கம்பிகளை அழுத்தி வாசிக்கும் கழுத்துப் பகுதி), ஃப்ரெட் (நெக்கின் முகத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பள்ளம் விழுந்த நெக், ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீ இருக்கும் தலைப்பகுதி) விரிசல் விட்ட நெக், எதுவானாலும் ரிப்பேர் கூலியைக் கேட்டுவிட்டு ஒரு புது நெக்கின் விலையையும் பாருங்கள். நெக்கைத் திருகு போட்டு மாட்டிய கிட்டாராக இருந்தால் பல சமயம் புதுசே மலிவு. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1950-ல் எஸ்குவயர், பிராட்காஸ்டர் கிட்டார்களை அப்படி வடிவமைத்ததால் இன்றைக்கும் நாலு திருகைக் கழற்றினால் நெக் தனியாக வந்துவிடுகிறது.

விலை குறைந்த நெக்கில் மேப்பிள் மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தொழிற்சாலை மிச்சம் பிடிப்பது வேலை நேரத்தில்: மரம் முழுசாகப் பதமாகும் முன்பே அறுப்பது, ஃப்ரெட்டை அடித்துவிட்டு மட்டம் பார்க்காமல் விடுவது, பூச்சை ஒப்புக்கு அடிப்பது. இந்த மூன்றையும் வாங்குகிறவர் செய்துகொள்ள வேண்டும். புதுச்சேரி, கடலூர் மாதிரி உப்புக் காற்றும் ஈரமும் உள்ள ஊரில் இதில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போட முடியாது.

முதலில் அளவு. ஆர்டர் போடும் முன் வெர்னியரும் ஸ்டீல் ஸ்கேலும் எடுத்து உட்காருங்கள். நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக் ஓரத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட சின்னக் கட்டை) 12-வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம் வரும். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட், டெலி) வகைக்கு அது 648 மி.மீ., அதாவது 25.5 அங்குலம். கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் பாணியில் வரும் 24.75 அங்குல நெக்கை இந்த பாடியில் மாட்டினால் பிரிட்ஜ் சேடிலை (பாடிப் பக்கம் கம்பியைத் தாங்கும் நகரும் துண்டு) எவ்வளவு நகர்த்தினாலும் சுருதி சேராது. அடுத்து பாடியில் நெக் உட்காரும் பாக்கெட்: அகலம் 56 மி.மீ., ஆழம் 16 மி.மீ. என்பது வழக்கமான அளவு. ஸ்ட்ராட்டின் ஹீல் (பாக்கெட்டில் உட்காரும் நெக்கின் அடிப்பகுதி) நுனி வளைவு, டெலியுடையது நேர்வெட்டு. பெயரை நம்பி வாங்காதீர்கள். உள்ளூர் தயாரிப்பு கிட்டார் பலவற்றில் தோற்றம் ஸ்ட்ராட்டாக இருக்கும், பாக்கெட் வேறு அளவாக இருக்கும். பாக்கெட்டின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து வைத்துக்கொண்டால், விற்பவரிடம் ஹீல் அகலத்தையும் நீளத்தையும் கேட்டு ஒப்பிடலாம்.

ட்யூனிங் கீ துளையையும் கேளுங்கள். பழைய பாணி கீக்கு 8.7 மி.மீ. அளவில் துளை இருக்கும், இப்போதைய கீக்கு 10 மி.மீ. சின்னத் துளையை ட்ரில் வைத்துப் பெரிதாக்கினால் ஹெட்ஸ்டாக் ஓரம் பிய்ந்துவிடும். கையால் சுற்றித் துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் ரீமரே பாதுகாப்பு. ட்யூனிங் கீ, நட், திருகு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, நல்ல நிலையில் உள்ள பழைய கிட்டார் ஒன்றின் விலையை அது நெருங்கினால் நெக் வாங்குவதை விட்டுவிடுங்கள்.

பார்சல் வந்ததும் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் பார்க்க வேண்டியவை உண்டு. ஹீல் பக்கம் கண்ணை வைத்து நட்டை நோக்கி இரண்டு ஓரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு ஓரம் நேராகவும் மற்றது வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கியிருக்கிறது. அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது, திருப்பிவிடுங்கள். ட்ரஸ் ராடை ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள், 4 மி.மீ. அல்லது 5 மி.மீ. கீ பொருந்தும். கம்பி மாட்டாத புது நெக்கில் ராடு ஏற்கெனவே இறுகி நின்றால் வளைவை மறைக்கத்தான் இறுக்கியிருப்பார்கள். தளர்த்தியதும் நெக் நேராக நிற்க வேண்டும்.

பூச்சு இருக்கிறதா என்பதற்கு ஹீல் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் மரம் கறுத்தால் அது பூச்சில்லாத வெறும் மரம். ‘சாட்டின் ஃபினிஷ்’ என்று விற்கும் பலவற்றில் ஹீலின் வெட்டுமுகத்திலும் கீ துளைகளுக்குள்ளும் பூச்சே இருக்காது. மரம் ஈரத்தை வேகமாகக் குடிப்பது இந்த வெட்டுமுகம் வழியாகத்தான்.

இனி காத்திருப்பு. நம் ஊர் ஈரத்துக்கு மரம் பழகாமல் பூச்சு போட்டால் பின்னால் அசையும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் சுமார் 9 சதவீதம் ஈரம் நிற்கும். 80 சதவீதமாக ஏறினால் அது 16 வரை போகும். குருசுக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். நெக்கைச் சுவரில் சாய்த்து வைக்காமல், கிட்டார் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அங்கேயே இரண்டு கட்டையின் மேல் படுக்க வையுங்கள். சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள். 600 கிராம் நெக்கின் ஈரம் 8-லிருந்து 12 சதவீதமானால் எடை இருபது கிராமுக்கு மேல் கூடும். மூன்று நான்கு நாள் எடை மாறாமல் நின்றால் மரம் பழகிவிட்டது. ஏ.சி. அறையில் கிட்டார் வைப்பவர்கள் நெக்கையும் அங்கேயே வைக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் மரம் சுருங்கி ஃப்ரெட் நுனிகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும்.

பூச்சில் எதை எடுப்பது? தச்சர்களிடம் கேட்டால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் என்பார்கள். ஸ்ப்ரே வசதியும் வறண்ட காற்றும் இருந்தால் அழகான பூச்சு அது. ஆனால் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் கலந்தாற்போல் வெளுத்துப்போகும். ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் கலந்தால் கொஞ்சம் தப்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் பலிக்காது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) வீட்டு வேலைக்கு வேண்டாம். அதன் ஹார்டனர் ஈரத்தோடு வினை செய்து குமிழ் விடும், நுரையீரலுக்கும் கேடு. பச்சை ஆளி விதை எண்ணெயும் இந்த ஊருக்கு ஆகாது, பூஞ்சை பிடிக்கும். அரக்கு பாலிஷ் அடிப்பூச்சுக்கு அருமையான பொருள், ஆனால் மேல்பூச்சாக விட்டால் உள்ளங்கை வியர்வையில் பிசுபிசுக்கும்.

என் தேர்வு: அடியில் மெல்லிய அரக்கு, மேலே ஒரே டப்பாவில் வரும் பி.யூ., துணியால் தேய்த்து. ஸ்ப்ரே வேண்டாம், தூசி ஒட்டும் நேரமும் குறைவு, அடிபட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம்.

நட்டைத் தட்டிக் கழற்றி வைத்துவிட்டு, ஃப்ரெட்போர்டின் (ஃப்ரெட் பதித்த முகப்பலகை) பக்கவாட்டை மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள். நெக்கின் முதுகை 180 உப்புத்தாளில் தொடங்கி 240, 320 வரை நரம்போட்டத்திலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் பூச்சு ஏறிய பிறகுதான் கண்ணில் படும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை. மரத்தின் ரோமம் எழும்பிக் காய்ந்ததும் 320-ல் சீவிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் பூச்சிலேயே முதுகு சொரசொரப்பாகும். இரும்பு நாரைத் தொடாதீர்கள். அதன் துகள் மரத்தில் சிக்கி உப்புக் காற்றில் துருப்பிடித்து, வெள்ளை மேப்பிளில் பழுப்புப் புள்ளியாக நிற்கும்.

அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 60 கிராம் அரக்குச் செதில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து, மெழுகு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்கள். மெழுகு கலந்தால் பி.யூ. சரியாகப் பிடிக்காது. செதில் புதுசாக இருக்கட்டும். பழைய சரக்கு காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு கை மெல்லிசாகப் பூசுங்கள். ஹீலின் வெட்டுமுகத்துக்கும் ஹெட்ஸ்டாக் நுனிக்கும் மட்டும் நான்கு கை.

பி.யூ.வை டப்பாவில் சொன்ன தின்னரில் சரிபாதி கலந்து, பழைய பனியன் துணியை மடித்து நனைத்து, ஹீலிலிருந்து ஹெட்ஸ்டாக் வரை ஒரே இழுப்பாக இழுங்கள். போன இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். ஒரு கைக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள். மப்பாக இருந்தால் இரண்டு நாள். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறவரை அடுத்த கை கூடாது. இடையில் 400 வாட்டர் பேப்பரால் லேசாக ஒரு தடவல். ஐந்து கை போதும். கடைசிக் கை ஒரு வாரம் காய்ந்த பிறகு, விரல் வழுக்கிப் போக வேண்டுமென்றால் முதுகை மட்டும் 1000 வாட்டர் பேப்பரால் மங்கடியுங்கள். நனைந்த துணியை உருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறவைத்தோ பிறகுதான் குப்பையில் போட வேண்டும்.

நேரமும் முக்கியம். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும் முற்பகல்தான் நம் பக்கத்தில் பூச்சுக்கு ஏற்ற வேளை. கடற்காற்று திரும்புவதற்குள் வேலையை முடித்து நெக்கை உள்ளே எடுத்துவிடுங்கள். மார்கழி, தை விடியற்காலைப் பனியில் டப்பாவையே திறக்க வேண்டாம்.

ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுக்கு, நம் ஈட்டி மரம் உட்பட, பி.யூ. கூடாது. அந்த மரத்தின் இயற்கை எண்ணெய் பூச்சைக் காயவிடாது. மினரல் எண்ணெய் சில சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். மேப்பிள் ஃப்ரெட்போர்டு என்றால் பூச்சு கட்டாயம். ஃப்ரெட் மேலேயே அடித்துவிட்டுப் பிறகு ஃப்ரெட் தலையில் உள்ளதை மட்டும் சுரண்டி எடுக்கலாம்.

பாக்கெட்டில் நெக் இறுக்கமாக இருந்தால் தட்டி ஏற்றாதீர்கள், பாடியின் பெயின்ட் வெடிக்கும். பாக்கெட் சுவரில் ஏறியிருக்கும் பெயின்டைச் சுரண்டுங்கள். திருகு போடும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது நூல் பிடிப்பது. கழற்றிய நட்டை அதன் இடத்தில் வைத்து, தூண்டில் நரம்பு இரண்டு எடுத்து, நட்டின் இரு ஓரப் பள்ளத்திலிருந்து பிரிட்ஜின் இரு ஓரச் சேடிலுக்கு இழுத்துக் கட்டி, கடைசி ஃப்ரெட்டில் இரு ஓரத்திலும் ஒரே இடைவெளி வரும்வரை நெக்கை அசைத்து, துணி வைத்துக் கிளாம்ப் போடுங்கள். கூடவே நட்டிலிருந்து 648 மி.மீ. தூரம் முதல் கம்பிச் சேடில் நகரும் எல்லைக்குள் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு பாடியின் துளை வழியாகவே ஹீலில் குறி வைத்து, நெக்கைக் கழற்றி, 3.2 மி.மீ. பிட்டால் செங்குத்தாகத் துளையிடுங்கள். 45 மி.மீ. திருகு ஹீலுக்குள் சுமார் 15 மி.மீ. போகும்; துளை ஆழம் 18, பிட்டில் டேப் சுற்றி அடையாளம். ஹீல் தடிமனே 25 மி.மீ.தான் என்பதால் அதற்கு மேல் போனால் ஃப்ரெட்போர்டைத் தொடும். மேப்பிள் கடினம், சின்னத் துளையில் திருகு தலையறுந்துவிடும். மரையில் மெழுகுவத்தி தடவுங்கள்; சோப்பு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். பாடியின் துளையில் திருகு மரை பிடிக்காமல் சும்மா நழுவ வேண்டும். அங்கேயும் பிடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி நிற்கும்.

ஃப்ரெட் வேலை இதற்குப் பிறகுதான். ஃப்ரெட்போர்டை டேப்பால் மூடி, ட்ரஸ் ராடால் நெக்கை நேராக்குங்கள். எழும்பி நிற்கும் ஃப்ரெட் இருந்தால் முதலில் தட்டி உட்காரவைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக். அப்புறம் எல்லா ஃப்ரெட் தலையிலும் மார்க்கரால் கோடு. அலுமினியம் பார்ட்டிஷன் கடையில் 45 செ.மீ. செக்‌ஷன் வெட்டி வாங்கி, கண்ணாடிப் பலகை மேல் வைத்து நேர் பார்த்து, அதில் 400 பேப்பர் ஒட்டித் தேயுங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் மை அழிந்த அந்த நொடியில் நிறுத்த வேண்டும். தட்டையான தலைகளை கிரவுன் அரத்தால் மறுபடி உருட்டி, 600-லிருந்து 2000 வரை மெருகேற்றுங்கள். கிரவுன் செய்யாமல் விட்டால் சுருதி மங்கும், கம்பி சிதார் மாதிரி இரையும்.

10–46 செட் (0.010 முதல் 0.046 அங்குலத் தடிமன் கம்பிகள்) மாட்டி சுருதி ஏற்றினால் நெக்கின் மேல் விழும் இழுவை சுமார் 46 கிலோ. ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தி, ஏழாவதில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி வரும்படி ராடைத் திருப்புங்கள். 12-வது ஃப்ரெட்டில் மெல்லிய ஈ கம்பிக்கு 1.6, தடித்ததற்கு 2 மி.மீ. ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) நல்ல தொடக்கம்.

முதல் மழைக்காலத்தில் இந்த அளவு மாறும். முதுகில் பூச்சு இருக்கிறது, ரோஸ்வுட் முகத்தில் இல்லை. அதனால் முகம் மட்டும் ஈரம் குடித்து விரிந்து நெக்கைப் பின்பக்கம் வளைக்கும், முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கம்பி இரையும். ராடை கால் சுற்று தளர்த்தி, அரை மணி நேரம் விட்டு மறுபடி அளக்கவும். தை பிறந்து காற்று உலர்ந்ததும் எதிர்த்திசையில் அதே கால் சுற்று தேவைப்படலாம்.