அம்மாவின் டயலிசிஸ் லைனுக்கு லொக் மருந்து வாங்க அலைந்த கதை

கழுத்தில் பெர்ம்கேத் என்ற டயலிசிஸ் குழாயைப் போட்டதிலோ (லைன் என்பதும் அதைத்தான்), கிழமை தவறாமல் டயலிசிஸுக்கு ஏற்றி இறக்கியதிலோ எங்களுக்குப் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. ஒருநாள் இரவு அம்மாவுக்கு உதறல் எடுத்துக் காய்ச்சல் கொதித்தது. அதிலிருந்துதான் அலைச்சல்.

ஓட்டோ பிடித்துப் போன ஆஸ்பத்திரியில் உடனே அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். நல்லதுதான், ஆனால் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க, இரத்தம் எடுத்தது அடுத்த நாள். மருந்து ஏறிய பிறகு கிருமி எங்கே வளரும்? ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. என்ன கிருமி என்று தெரியாமலே மருந்து முடிந்தது, கொஞ்ச நாளில் காய்ச்சலும் திரும்பி வந்தது. அதனால் சொல்கிறேன்: முதல் ஊசிக்கு முன்னமே லைனில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கையில் எடுத்ததைவிட லைனில் எடுத்த போத்தலில் கிருமி 2 மணித்தியாலமாவது முந்தி வளர்ந்தால், பெரும்பாலும் லைன்தான் காரணம். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இரண்டாம் முறை காய்ச்சல் வந்தபோது டொக்டர் லொக்கை மாற்றுவோம் என்றார். டயலிசிஸ் முடிந்ததும் லைனின் இரண்டு குழாயிலும் ஹெப்பாரின் நிரப்பி மூடுவது வழக்கம், அப்படி நிரப்பும் மருந்துதான் லொக். ஹெப்பாரின் இரத்தம் உறையாமல் பார்க்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. குழாயின் உட்சுவரில் கிருமிகள் படலமாய் ஒட்டிக்கொண்டால் இரத்தத்தில் ஏற்றும் மருந்து அவற்றை லேசில் அசைக்காது. அதற்காகத்தான் டோரோலிடின் என்ற கிருமிகொல்லியும் சிட்ரேட்டும் கலந்த லொக். ஜென்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக் கலந்தும் போடுவதுண்டு. நாள்பட்டால் கிருமி அதற்குப் பழகிவிடலாம், காதும் பாதிக்கலாம் என்று டொக்டர் அதை விட்டுவிட்டார்.

டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டோடு திருகோணமலை டவுன் பார்மசிகளில் ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் ஹெப்பாரின் வயலைத் தூக்கி வைத்து, "ரெண்டும் ஒண்டுதான் தம்பி" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஒன்றில்லை, வாங்கிவிடாதீர்கள். பிறகு கொழும்பில் ஒரு இடத்தில் இருப்பதாக போனில் சொன்னார்கள். இரவு ரயிலில் போய் இறங்கி, கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். துண்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டொக்டரின்ட சீல் இல்லையே, பதிவு நம்பரும் இல்லை, தர ஏலாது." போனில் கேட்டபோது இதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வெறுங்கையோடு வந்தேன். போவதற்கு முன் துண்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி, "இது போதுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள்.

அடுத்த தடவை சீல், நம்பர், மருந்தின் அளவு எல்லாம் இருந்தன. ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் டோரோலிடினும் ஹெப்பாரினும் சேர்ந்த லொக்குக்கு 2023 நவம்பரில்தான் அனுமதி கொடுத்தார்கள். அதற்கான ஆய்வில் ஹெப்பாரின் மட்டும் போட்டவர்களோடு பார்க்கும்போது லைன் தொற்று 71 வீதம் குறைந்திருந்தது. ஐரோப்பாவில் இந்த வகை லொக் அதற்குப் பல வருடம் முன்பே புழக்கத்தில் இருந்தது.

போடும்போதும் கண் வேண்டும். சிவப்பு, நீலக் கிளிப்புகளைக் கிட்டப் பார்த்தால் 1.9, 2.0 என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் குழாய் கொள்ளும் அளவு மில்லிலீட்டரில் அதுதான். கூடினால் மிச்சம் இரத்தத்துக்குள் போகும். ஒருநாள் நர்ஸ் அவசரமாகத் தள்ளியபோது அம்மா, "உதடு விறுவிறுக்குது மிஸ்" என்றார். சிட்ரேட் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவதாம். மெதுவாகத் தள்ளியபின் அந்தத் தொல்லை இல்லை. அடுத்த டயலிசிஸில் பழைய லொக்கை உள்ளே தள்ளாமல் இழுத்து வெளியே எடுக்க வேண்டும்.

வேறொரு வார்டில் இதே லைனில் சேலைன் ஏற்ற வந்தார்கள். நல்லவேளை, பக்கத்தில் நின்று தடுத்தேன். அன்றைக்கே பிளாஸ்டரில் "டயலிசிஸுக்கு மட்டும். உள்ளே லொக் இருக்கிறது" என்று தமிழில் எழுதி, கன்டீனில் நின்ற ஒரு சிங்களத் தங்கச்சியிடம் கேட்டுச் சிங்களத்திலும் எழுதி, டிரெஸ்ஸிங் மேல் ஒட்டினேன். அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை.

டயலிசிஸுக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து பிஸ்டுலா வெட்டியாகிவிட்டது. அது முற்றியதும் லைனைக் கழற்றிவிடுவார்கள். அதுவரைக்கும் பெட்டியில் கடைசி ஆம்பியூல்கள் இருக்கும்போதே புதுத் துண்டு கேட்டுவிடுகிறேன், சீலோடு.