மிட்டு இங்கே இருக்கும் நாட்கள்

மார்ச் 3
இன்று மாலை மிட்டு வந்து சேர்ந்தான். ஏழு வயதுப் பூனை, நல்ல கனம். அவனை வளர்க்கும் அக்காவுக்கு நாளை மறுநாள் இதய அறுவை சிகிச்சை. தனியாக இருப்பவர். இவனை எங்கே விடுவது என்று தெரியாமல் இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார். கேட்டதும் பதறிவிட்டது. 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது, வளர்த்த பிராணிகளை விட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மறு ஆண்டே, மீட்புத் திட்டங்களில் அவற்றுக்கும் இடம் வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. பூனையால் சிகிச்சை தள்ளிப்போவதும் அதே கதைதான்.

தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மிட்டு அக்காவுடையவன், இங்கே ஆறு வாரம், வைத்தியச் செலவை யார் ஏற்பது, அவசரத்தில் யார் முடிவெடுப்பது. இன்னொன்று பாக்கி இருந்தது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. "நான் வராமல் போனால்?" என்று அவரே ஆரம்பித்தார். அவருடைய தங்கையின் பெயரை எழுதினோம்.

மார்ச் 4
கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறான். தட்டு வைத்தபடி இருக்கிறது.

மார்ச் 5
காலையோடு 36 மணி நேரம். தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பூனை பட்டினி கிடக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், பருத்த பூனைக்கு இன்னும் அதிகம். டாக்டருக்குப் போன் செய்தேன். உணவை லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும், ராத்திரிக்குள் தொடாவிட்டால் தூக்கி வந்துவிடுங்கள் என்றார்.

அக்கா கொடுத்த பழைய சால்வையைத் துவைக்க எடுத்து வைத்திருந்தேன். நல்லவேளை, நனைக்கவில்லை. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, விளக்கை அணைத்துச் சுவரோரம் உட்கார்ந்தேன். எட்டு மணிக்குத் தங்கை கூப்பிட்டார், சிகிச்சை நல்லபடி முடிந்ததாம். ஒன்பதரைக்கு இருட்டில் நக்கும் சத்தம். அசையாமல் அழுதேன்.

மார்ச் 9
மணல் தட்டு, உணவு, நேரம் எல்லாம் அங்கே இருந்தபடியே. புதிதாக எதையும் பழக்கவில்லை. ஜன்னலில் ஏறிவிட்டான்.

மார்ச் 22
அவனைக் "கண்ணா" என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறேன். இன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவன் மிட்டு. அக்கா தினமும் போனில் கூப்பிடும் அந்தப் பெயருக்குத்தான் அவன் காது திரும்ப வேண்டும். மடியில் வந்து படுத்தால் தடவிக் கொடுக்கிறேன், அதில் குறை வைக்கவில்லை.

ஏப்ரல் 14
கொண்டுபோய் விட்டேன். அக்கா மெலிந்திருந்தார், மேலெல்லாம் மருந்து வாசனை. மிட்டு மோந்துவிட்டுப் பின்வாங்கினான். அவர் முகம் வாடியதைப் பார்த்து, துவைக்காமலே கொண்டுவந்த சால்வையை நீட்டினேன். தோளில் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன் சால்வைக்குள் தலையை நுழைத்தான்.