உங்கதுலதான் வருது

அரசு வெளியிடும் பயனாளிப் பட்டியல்களைத் தேடும்படி மாற்றி இணையத்தில் போடுவது எங்கள் வேலை. அதற்காகப் போன் செய்த அந்தப் பெண் சண்டை போட்டிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். "சார், கூகுள்ல எங்கம்மா பேரும் ஊர் பேரும் போட்டா உங்க பக்கம் வருது. எடுத்துடுவீங்களா?" என்று தன்மையாகத்தான் கேட்டார். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியப் பட்டியலில் அவர் அம்மாவின் பெயர் இருந்தது. இவருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வெளிநாட்டில் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்களாம்.

என் பதில் எனக்கு மனப்பாடம். பலரிடம் சொல்லிப் பழகியது. "இது நாங்க வெளியிட்டது இல்லைம்மா. துறையோட தளத்துலயே இருக்கு. தேடுறதுக்கு வசதியா மாத்தினோம், அவ்வளவுதான்."

"அங்க தேடினா வரலையே சார். உங்கதுலதான் வருது."

உண்மைதான். துறை போட்டிருந்தது ஸ்கேன் செய்த பிடிஎஃப். கோணல் மாணலாக, சில பக்கம் தலைகீழாக. ஒரு பெயரைக் கண்டுபிடிக்க ஒன்றியம் ஒன்றியமாகக் கண்ணால் படித்துக்கொண்டே போக வேண்டும். அதைப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் போட்டு, பிழை திருத்தி, அட்டவணையாக்கியதைத்தான் நிதி கொடுப்பவர்களிடம் எங்கள் சாதனையாகக் காட்டிக்கொண்டிருந்தோம். அதையே அவர் புகாராகச் சொன்னார்.

சட்டம் என் பக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரிவு 4(1)(பி), யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று 17 இனங்களைச் சொல்கிறது. மானியத் திட்டப் பயனாளிகளின் விவரமும் அதில் உண்டு. அது சும்மா வந்து சேரவில்லை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அப்படிப்பட்ட கூட்டங்களில் யாருக்கு எத்தனை நாள் கூலி என்று எழுதும் மஸ்டர் ரோலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. மொத்தத் தொகையை மட்டும் படித்திருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஆனால் அங்கே கேட்டுக்கொண்டிருந்தது அதே ஊர். யார் புருஷன் எங்கே போனான் என்பது அந்த ஊருக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் பக்கத்தைப் பார்ப்பவர் வெளியாள். சட்டமோ அறிவிப்புப் பலகையையும் இணையத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைக்கிறது. 2005இல் அப்படித்தானே எழுதியிருக்க முடியும்.

சரி, அன்றைக்கே பெயரை எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு இன்னொரு யோசனை. பேசியவர் மகள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? போலிப் பயனாளியின் பெயரில் பணம் எடுக்கும் ஆளும் இதே தன்மையோடுதான் பேசுவார். இப்படி நினைத்ததற்காக என்னையே பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி தப்பில்லை. அப்புறம், போன் செய்யத் தெரியாத மற்ற அம்மாக்கள்? கடைசியில் அந்தத் திட்டம் முழுவதற்கும் பெயர்ப் பத்தியையே மறைத்தோம்.

திட்டப் பணம் உரியவர்களுக்குப் போகிறதா என்று ஊர் மக்களோடு சரிபார்க்கும் சமூகத் தணிக்கையில் வேலை செய்யும் தோழி கூப்பிட்டுத் திட்டினார். "செத்தவங்க பேர்ல பணம் போகுதான்னு இனிமே எதை வெச்சுண்ணே பார்ப்பேன்? பேர் இல்லாம எண்ணிக்கை மட்டும் எனக்கு எதுக்கு?" அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவலுக்கு விலக்குத் தரும் பிரிவு 8(1)(ஜே)யைத் திருத்தியபோது எதிர்த்து எழுதியவர்கள் நாங்கள். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசகம் போய், தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்பது மட்டும் மிஞ்சியது. விலக்கு உள்ள தகவலையும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்னும் 8(2) இருக்கிறதே என்பார்கள். அதுவரை படிக்கிற அலுவலரை நான் அதிகம் பார்த்ததில்லை. இனி பயனாளிப் பட்டியல் எதையும் தர மாட்டார்கள் என்று எழுதினோம். தராமல் இருப்பதை நாங்களே ஆரம்பித்துவிட்டோம்.

இப்போது நடுவழியாக ஒன்று செய்திருக்கிறோம். பெயருள்ள பக்கங்கள் தேடுபொறியில் வராது. ஊரைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஊர்ப் பட்டியல் மட்டும் தெரியும். மாவட்டம் முழுவதும் வேண்டுமானால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், நாங்கள் பார்த்துவிட்டுக் கொடுப்போம். தணிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தோம். கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் ஆள் கேட்டார், மறுத்தோம். மறுத்தது சரிதான் என்றே நினைக்கிறேன்.

என்ன, அந்தப் படிவத்தில் "எதற்காகத் தேவை?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) மனு போடுபவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது பிரிவு 6(2). அதைச் சுட்டிக்காட்டி எத்தனையோ அலுவலகங்களில் சத்தம் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று போன கூட்டத்திலும் பேச்சு வந்தது. வேண்டாம் என்று சொன்னது நான்தான்.