காசிமேட்டுப் பேச்சும் துல்லியோ தெ மௌரோவும்

வடசென்னையில் 'இன்னா' என்று சொன்னதற்காக வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட எனக்கு, 1932இல் நேப்பிள்ஸ் அருகே பிறந்த இத்தாலிய மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோ மிக நெருக்கமானவர். 1861இல் நாடு ஒன்றுபட்டபோது பொது இத்தாலியம் அறிந்தோர் மக்களில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரே என்றும், பின்னர் பள்ளி, படைச்சேவை, இடப்பெயர்வு, தொலைக்காட்சி ஆகியவற்றால் அம்மொழி வீடுகளுக்குள் நுழைந்தது என்றும் 1963இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார். சுவிட்சர்லாந்து மொழியியல் அறிஞர் சசூரின் மொழியியல் விரிவுரைகளை மொழிபெயர்த்தார். ரோமில் பேராசிரியராக விளங்கினார். 2000இல் கல்வி அமைச்சருமானார். இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது, மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் வட்டாரப் பேச்சைப் பள்ளி இழிவுபடுத்தாமல் அதிலிருந்தே மொழிக்கல்வியைத் தொடங்க வேண்டும் என்று 1970களில் அவர் வலியுறுத்தியதைத்தான். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக்குரலைக் கேட்கும்போதெல்லாம், 2017இல் மறைந்த அந்த ஆசிரியரை நன்றியுடன் நினைத்துக்கொள்கிறேன்.