மறுபடி இன்ஸ்டால் செய்தும் மைஎஸ்கியூஎல் ஸ்டார்ட் ஆகவில்லையா? பழைய டேட்டா ஃபோல்டரைப் பாருங்கள்

பில்லிங் கம்ப்யூட்டரில் கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்கியூஎல் நின்றுபோனால் முதலில் நடப்பது இதுதான்: கண்ட்ரோல் பேனலுக்குப் போய் அன்இன்ஸ்டால், பென்டிரைவில் கிடக்கும் செட்டப்பை எடுத்து மறுபடி இன்ஸ்டால். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியானாலும், கொலுசுப் பட்டறையானாலும், ஏற்காட்டு காபி எஸ்டேட் ஆபீஸானாலும் வைத்தியம் ஒன்றே. கடைசியில் 'ஸ்டார்ட்டிங் த சர்வர்' என்ற வரிக்கு வரும்போது சிவப்புப் பெருக்கல் குறி. சர்வீஸஸ் திரையில் கையால் ஸ்டார்ட் கொடுத்தால் எர்ரர் 1067. பழைய குருடி கதவைத் திறடி.

அன்இன்ஸ்டாலில் போவது புரோகிராம் மட்டும். சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்று ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் மைஎஸ்கியூஎல் சர்வர் 8.0, அதற்குள் டேட்டா. இந்த டேட்டா ஃபோல்டர் அப்படியே இருக்கும், பக்கத்தில் மை.ஐஎன்ஐ என்ற செட்டிங் ஃபைலும் இருக்கலாம். பழைய டேட்டா இருப்பது நம் நல்லதுக்குத்தான். நாலு வருடக் கணக்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எந்தக் கோளாறால் பழைய சர்வர் நின்றதோ, அதே கோளாறு புதிய சர்வருக்கும் சீதனமாகப் போய்ச் சேருகிறது. போதாததற்கு, புதிய இன்ஸ்டால் தன் பங்குக்கு ஒன்றிரண்டு கோளாறுகளைக் கூட்டியும் விடும்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன்னால் சர்வீஸ் ஓடவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அந்த மைஎஸ்கியூஎல் சர்வர் 8.0 ஃபோல்டரை முழுதாக வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். கட் வேண்டாம், காப்பி. உங்கள் டேட்டாபேஸ் பெயரில் இருக்கும் ஃபோல்டரை மட்டும் எடுத்தால் போதாது. ஐபிடேட்டா1, மைஎஸ்கியூஎல்.ஐபிடி, அன்டூ ஃபைல்கள், ரீடூ ஃபைல்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு டேட்டாபேஸ். ரீடூ 8.0.30-க்கு முன்பு ஐபி_லாக்ஃபைல்0, ஐபி_லாக்ஃபைல்1 என்று இருக்கும். அதற்குப் பிறகு இன்னோடிபி_ரீடூ என்று தனி ஃபோல்டர். "அந்த லாக்ஃபைல்களை டெலீட் பண்ணுங்க, ஓடிடும்" என்று சொல்லும் வீடியோக்களை நம்பிக் கெட்ட கணக்குகள் ஏராளம். ரீடூவில் இருப்பது வட்டில் இன்னும் முழுதாக எழுதி முடிக்காத கடைசி நேரப் பதிவுகள். அதை அழிப்பது, பேரேட்டில் ஏற்றாத நாள் குறிப்பைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

காப்பி எடுத்தாயிற்றா, இப்போது எர்ரர் லாக். டேட்டா ஃபோல்டருக்குள் கம்ப்யூட்டரின் பெயரோடு .இஆர்ஆர் என்று முடியும் ஃபைல் அது. நோட்பேடில் திறந்து கடைசிக்குப் போனால் 'அபார்ட்டிங்', 'ஷட்டவுன் கம்ப்ளீட்' என்றுதான் இருக்கும். அதைக் கூகுளில் தேடிப் பிரயோஜனமில்லை. அங்கிருந்து மேலே போய், கடைசியாக ஸ்டார்ட் செய்த முயற்சி எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தைப் பிடியுங்கள். அதற்குக் கீழே முதலில் வரும் எர்ரர் வரிதான் நோய். மற்றதெல்லாம் அதன் இருமல். நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 8.0-ல் லாக் நேரம் இயல்பாக யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். காலை 10 மணிக்கு நம்மூரில் விழுந்த எர்ரர் அங்கே 04:30 என்று, கடைசியில் ஒரு இசட் எழுத்தோடு இருக்கும்.

லாக்கில் புதிதாக ஒரு வரிகூட ஏறவில்லை என்றால் சர்வர் அந்த இடம் வரைக்கும் போகவே இல்லை என்று பொருள். அட்மினாக கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, மைஎஸ்கியூஎல் புரோகிராம் இருக்கும் இடத்தில் 'பின்' என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் போய், மைஎஸ்கியூஎல்டி (சர்வர் புரோகிராமின் பெயர்), அடுத்து இரட்டைக் கோட்டோடு டிஃபால்ட்ஸ்-ஃபைல் என்று போட்டு மை.ஐஎன்ஐ-யின் முழுப் பாதை, அடுத்து இரட்டைக் கோட்டோடு கன்சோல் என்று ஓட்டுங்கள். (இங்கே எல்லாக் கட்டளையும் தமிழில் இருக்கிறது, அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில்.) எர்ரர் திரையிலேயே கொட்டும். விசி ரன்டைம்140 என்ற டிஎல்எல் இல்லை என்று சின்ன ஜன்னல் வந்தால் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் 64 பிட் போட்டால் முடிந்தது. விண்டோஸையே ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்ட கம்ப்யூட்டரில் இது சகஜம்.

கன்சோலில் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை என்று சந்தேகப்படுங்கள். விண்டோஸில் மைஎஸ்கியூஎல் சர்வீஸ் வழக்கமாக நெட்வொர்க் சர்வீஸ் என்ற கணக்கில் ஓடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒட்டிய டேட்டா ஃபோல்டரில் அந்தக் கணக்குக்கு எழுதும் உரிமை இருக்காது. ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட், ஆட். நெட்வொர்க் சர்வீஸ் என்று சேர்த்து ஃபுல் கண்ட்ரோல் கொடுங்கள். கன்சோலைக் கன்ட்ரோல்-சி போட்டு நிறுத்திவிட்டுத்தான் சர்வீஸைத் தொடங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி மை.ஐஎன்ஐ. அதிகமாகக் கழுத்தறுப்பது இந்த ஃபைல்தான். சி டிரைவில் இடமில்லை என்று டேட்டாவை டி டிரைவுக்கு மாற்றுவார்கள். டி டிரைவில் சேலம் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு ஃபோல்டர், அதற்குள் டேட்டா. மை.ஐஎன்ஐ-யில் டேட்டா இருக்கும் இடத்தைச் சொல்லும் டேட்டாடிர் வரியில் விண்டோஸ் பழக்கப்படி பின்சாய்வுக் கோட்டோடு எழுதிவிடுவார்கள். இந்த ஃபைலில் பின்சாய்வுக் கோட்டுக்கு அடுத்து சிறிய எஸ் வந்தால் அதற்கு 'இடைவெளி' என்று பொருள். சேலத்தின் எஸ் போய், டி, முக்காற்புள்ளி, ஒரு இடைவெளி, 'அலெம்' என்று சர்வர் படிக்கும். அப்படி ஒரு ஃபோல்டர் உலகத்தில் இல்லை. பில்லிங் என்று ஃபோல்டர் வைத்தால் பி எழுத்து பேக்ஸ்பேஸ் ஆகிவிடும், டெக்ஸ்டைல் என்று வைத்தால் டி எழுத்து டேப் ஆகிவிடும். பெரிய எழுத்து எஸ் என்றால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஒரு கடையில் ஓடியது பக்கத்துக் கடையில் ஓடுவதில்லை. பாதையில் எப்போதும் முன்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது பின்சாய்வை இரண்டாகப் போடுங்கள்.

அதே ஃபைலில் இன்னும் சில. 5.7 என்ற பழைய வெர்ஷன் காலத்து மை.ஐஎன்ஐ-யை 8.0-க்கு அப்படியே ஒட்டினால் குவெரி_கேஷ்_சைஸ் என்ற வரியிலேயே சர்வர் நின்றுவிடும், ஏனென்றால் 8.0-ல் குவெரி கேஷ் என்பதையே எடுத்துவிட்டார்கள். எஸ்கியூஎல்-மோட் வரியில் நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர் இருந்தாலும் அதே கதி. இரண்டையும் நீக்குங்கள். 16 ஜிபி மெஷினில் 10 ஜிபி என்று வைத்த பஃபர் பூல் (டேட்டாவுக்காக சர்வர் ஒதுக்கும் மெமரி) அளவு 4 ஜிபி மெஷினுக்கு வந்தால் மெமரி ஒதுக்க முடியவில்லை என்று மடங்கிவிடும். பில் போடும் கம்ப்யூட்டருக்கு 512 எம்பி தாராளம். முதல் வரியிலேயே 'ஃபவுண்ட் ஆப்ஷன் வித்அவுட் ப்ரிசீடிங் குரூப்' என்று வந்தால் நோட்பேட் ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டைச் சேர்த்திருக்கிறது. சேவ் ஆஸ் போய் என்கோடிங்கில் ஆன்சி என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போய்விடும்.

செக்யூர்-ஃபைல்-ப்ரிவ் என்ற வரியைப் பலர் கவனிப்பதில்லை. அது அப்லோட்ஸ் என்ற ஃபோல்டரைக் காட்டும். டேட்டாவை மட்டும் மீட்டு வைத்து அப்லோட்ஸை விட்டுவிட்டால், உள்ளே ஒன்றுமே இல்லாத அந்த வெற்று ஃபோல்டருக்காகவே சர்வர் எழுந்திருக்க மறுக்கும். புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதே பெயர் வைத்தால் போதும்.

பென்டிரைவ் செட்டப் விஷயத்துக்கு வருவோம். லாக்கில் 'கேனாட் பூட் சர்வர் வெர்ஷன் 80028 ஆன் டேட்டா டைரக்டரி பில்ட் பை வெர்ஷன் 80036' என்று வந்தால், டேட்டாவை எழுதியது 8.0.36, நீங்கள் இப்போது போட்டது 8.0.28. முதல் எண் இன்ஸ்டால் செய்தது, இரண்டாவது டேட்டாவினுடையது. 8.0-ல் பின்னோக்கிப் போக வழியே கிடையாது, கடைசி எண் ஒன்று குறைந்தாலும் சரி. 8.0.36 அல்லது அதற்கு மேற்பட்ட 8.0 ஒன்றைப் போட வேண்டியதுதான்.

மேலே போவதிலும் ஒரு கண்ணி உண்டு. சித்திரை, வைகாசியில் ஏற்காட்டில் இடி மின்னலோடு மழை இறங்கி கரண்ட் படக்கென்று போகும்போது 5.7 பாதியில் செத்திருந்தால், அதன் மேல் 8.0 போட்டு எழுப்ப முடியாது. கிராஷுக்குப் பிறகு அப்கிரேட் இல்லை என்று லாக்கிலேயே சொல்லிவிடும். முதலில் அதே 5.7-ஐப் போட்டு, ஒருமுறை எழுப்பி, ரீடூவைச் செரிக்கவிட்டு, முறையாக ஸ்டாப் கொடுத்து, அப்புறம்தான் 8.0. அதற்கும் முந்தைய 5.6 டேட்டா நேராக 8.0-க்கு வராது, நடுவில் 5.7-ல் இறங்கி ஏற வேண்டும். மலைக்குக் கிளம்பும்போது சின்ன வெப் இன்ஸ்டாலரை நம்பாமல் முழு செட்டப்பையும், 5.7, 8.0 இரண்டையும், கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் சிக்னல் தேடிக்கொண்டு நிற்பது வேண்டாத வேலை.

போர்ட் மோதல் எளிய விஷயம். வெப்சைட் வேலைக்கான எக்ஸ்ஏஎம்பிபி தொகுப்பைப் போட்டிருந்தால் அதில் இருக்கும் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வரும், மைஎஸ்கியூஎல் கேட்கும் அதே 3306 போர்ட்டைத்தான் கேட்கும். நெட்ஸ்டாட், இடைவெளி, ஒற்றைக் கோட்டோடு ஏஎன்ஓ என்று அடித்தால் 3306-ஐப் பிடித்திருப்பது எந்த பிராசஸ் எண் என்று தெரியும், டாஸ்க் மேனேஜரில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். சர்வீஸ் ஸ்டார்ட் கொடுத்ததும் எர்ரர் 2 வந்தால் அது பழைய, இப்போது இல்லாத பாதையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்சி, டெலீட், சர்வீஸின் பெயர் என்று அடித்து நீக்கிவிட்டுப் புதிதாக ரிஜிஸ்டர் செய்யுங்கள். அப்போது எர்ரர் 1072 வந்தால் சர்வீஸஸ் ஜன்னல் எங்கோ திறந்திருக்கிறது; மூடினால் சரியாகிவிடும்.

உபுண்டுவில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சங்கதி. ஓஎஸ்ஸை மறுபடி போட்டு பழைய வார்/லிப்/மைஎஸ்கியூஎல் ஃபோல்டரை ஒட்டினால், மைஎஸ்கியூஎல் என்ற யூசரின் எண் மாறியிருக்கும். ஃபைல்களின் உரிமையாளர் வேறு யாரோ என்று காட்டும். சிஹெச்ஓன் கட்டளையைப் பெரிய ஆரோடு ஓட்டி மைஎஸ்கியூஎல் யூசருக்கும் குரூப்புக்கும் மாற்றுங்கள். உரிமை சரியாக இருந்தும் எர்ரர் எண் 13 வந்தால், டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றியதை உபுண்டுவின் பாதுகாப்புக் காவலான ஆப்ஆர்மர் தடுக்கிறது. அதன் லோக்கல் ஃபைலில் புதிய பாதையைச் சேர்த்து ரீலோட் செய்ய வேண்டும். விண்டோஸ் டேட்டாவை அப்படியே லினக்ஸில் வைத்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். டேபிள் பெயரில் பெரிய, சிறிய எழுத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லும் லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் விண்டோஸில் 1, லினக்ஸில் 0, அது முதலில் உருவாக்கும்போதே முத்திரை குத்தப்படுவது. டம்ப் (எல்லா டேட்டாவையும் எஸ்கியூஎல் கட்டளைகளாக எழுதிய ஃபைல்) எடுத்து ஏற்றுவதுதான் வழி.

இவ்வளவுக்கும் பிறகு லாக்கில் பேஜ் கரப்ஷன், அதாவது டேட்டா ஃபைலின் ஒரு பகுதியே கெட்டுவிட்டது என்று வந்தால், மை.ஐஎன்ஐ-யில் மைஎஸ்கியூஎல்டி பகுதிக்குக் கீழ் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரிகவரி = 1 என்று சேர்த்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். எழவில்லையா, 2; அப்புறம் 3. நான்கிலிருந்து ஆறு வரை ஃபைல்களையே நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை, அவற்றைக் காப்பியின் மேல் மட்டும் முயலுங்கள், அசலின் மேல் ஒருபோதும் வேண்டாம். எழுந்தவுடன் பில் போட உட்காராமல் மைஎஸ்கியூஎல்டம்ப் எடுத்துவிடுங்கள். ரொட்டீன்ஸ், ஈவன்ட்ஸ் இரண்டு ஆப்ஷனையும் சேர்த்துப் போட வேண்டும், சும்மா எடுத்தால் அவை வராது. பிறகு சர்வரை நிறுத்தி, ஃபோர்ஸ் ரிகவரி வரியை நீக்கி, டேட்டா ஃபோல்டரைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்து, வெற்று ஃபோல்டரில் மைஎஸ்கியூஎல்டி-யை இனிஷியலைஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஃபோல்டரில் ஒரு ஃபைல் இருந்தால்கூட இனிஷியலைஸ் மறுத்துவிடும். ரூட் என்ற தலைமை யூசருக்கான புதிய தற்காலிக பாஸ்வேர்ட் எர்ரர் லாக்கில்தான் இருக்கும். அதைப் போட்டு உள்ளே போய், பாஸ்வேர்டை மாற்றி, டம்ப்பை ஏற்றுங்கள்.

பழைய டேட்டாவோடேயே சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் இன்ஸ்டாலில் கொடுத்த புதிய பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்றால் பதற வேண்டாம். யூசர்களும் பாஸ்வேர்டும் அந்த டேட்டாவுக்குள்தான் இருக்கின்றன, பழைய பாஸ்வேர்டே செல்லும். உள்ளே போனதும் மைஎஸ்கியூஎல்செக்கை ஆல்-டேட்டாபேசஸ் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டி, எல்லா டேபிளுக்கும் நேராக ஓகே வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் கடைசி பில் எண்ணை எடுத்து, கல்லாவில் இருக்கும் காகித பில்லோடு ஒத்துப் பாருங்கள். கரண்ட் போன நேரத்து ஒன்றிரண்டு பில் குறைந்தால் அடுத்த பில் போடுவதற்கு முன்பே அவற்றை அதே எண்ணில் ஏற்றிவிட வேண்டும்.