முயல் படம் போட்ட பாட்டிலும் எங்கள் வீட்டுப் பட்டுக்கூடும்

போன மாதம் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு ஃபேஸ் மிஸ்ட் வாங்கி வந்தாள். 100 மில்லி பாட்டில். மேலே அழுத்தினால் பனி மாதிரி நீர் இறங்கும்.

"அத்தை, தினமும் பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் பஸ்ல அலையறீங்க. முகம் எப்படிக் காஞ்சு கிடக்கு பாருங்க. பயப்படாம அடிச்சுக்குங்க, இது க்ரூயல்டி ஃப்ரீ. எந்த ஜீவனையும் துன்புறுத்தாம செஞ்சது" என்றாள். பாட்டிலின் பின்பக்கம் சின்னதாக ஒரு முயல் படம் இருந்தது.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் கடைசி வரிவரை படித்துவிடுவேன். அன்று ராத்திரி பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தேன். தண்ணீர், கிளிசரின், கற்றாழை, ரோஜாப் பன்னீர் என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் நடுவே ஒரு பெயர்: ஹைட்ரோலைஸ்டு சில்க். பட்டு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் பட்டுப்புழு வளர்ப்பு மனை இருக்கிறது. அப்பா 26 வருடமாகப் புழு வளர்க்கிறார். ஒன்றரை ஏக்கரில் மல்பெரி. இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டு முறை தோல் உரித்த புழுவாக வாங்கி வந்து, கூடு கட்டும்வரை வளர்த்து, தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டை கட்டி எடுத்துப் போவார். என் கல்லூரிப் படிப்பும், அண்ணன் கல்யாணமும், இந்த வீட்டுக்குத் தளம் போட்டதும் அந்த மூட்டைகளில் வந்த பணத்தில்தான். அதனால் பட்டைப் பற்றி நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும்.

புதிதாகக் கட்டிய கூட்டை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே ஏதோ மோதுகிற சத்தம் கேட்கும். சத்தம் தெளிவாக வந்தால் புழு கூட்டுப்புழுவாகிவிட்டது, அறுவடை பண்ணலாம் என்று அர்த்தம். சின்ன வயதில் நானும் அண்ணனும் சந்திரிகையிலிருந்து, அதாவது புழு கூடு கட்டுவதற்காக வைக்கும் மூங்கில் தட்டிலிருந்து, ஆளுக்கொன்று பிய்த்தெடுத்துக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கொண்டே திரிவோம். வெள்ளைவெளேரென்று, வேர்க்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, உள்ளங்கையில் எடையே தெரியாமல் இருக்கும். உள்ளே மோதுவது ஓர் உயிர் என்று எட்டாம் வகுப்பு படிக்கும்போதுதான் உறைத்தது.

அதை அப்படியே விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் வர வேண்டிய இழை துண்டு துண்டாகிப் போகும். அதனால் நூல் எடுக்கும் இடத்தில் முதல் வேலையே சூடான காற்றிலோ நீராவியிலோ வைத்து உள்ளே இருப்பதைக் கொல்வதுதான். அப்புறம் வெந்நீர். இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைக்கு செரிசின் என்று பெயர். கூட்டின் ஓட்டில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். வெந்நீரில் அது இளகினால்தான் இழையின் நுனி கிடைக்கும். மீதி இருக்கிற நூலுக்கு ஃபைப்ராயின் என்று பெயர். இந்தப் புரதங்களைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தண்ணீரில் கரையவைத்ததுதான் என் பாட்டிலில் இருந்த ஹைட்ரோலைஸ்டு சில்க். தோல் மேல் மெல்லிசாகப் படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். அது பொய்யில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா நூல் எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாள் முழுக்க வெந்நீர்த் தொட்டியில் கை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறி, தோல் உரிந்திருக்கும். சாதத்தைப் பிசையக்கூட எரியும் என்று ஸ்பூனில் சாப்பிடுவார். பட்டு தோலை மிருதுவாக்கும் என்று அட்டைப்பெட்டியில் படித்ததும் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. துன்புறுத்தாமல் செய்தது என்று எழுதும்போது அந்த விரல்களையும் யாராவது கணக்கில் சேர்த்துக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

சரி, அந்த முயல் என்ன சொல்கிறது? அதைத் தேடிப் படிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். 1944-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறையில் இருந்த ஜான் டிரெய்ஸ் என்பவர் ஒரு சோதனை முறையை எழுதி வெளியிட்டார். முயலை அசையவிடாமல் பிடித்துவைத்து அதன் ஒரு கண்ணில் மருந்தையோ ஷாம்பூவையோ விட்டு, கண் எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு புண்ணாகிறது என்று நாள் கணக்கில் பார்த்து மதிப்பெண் போடுவது. நம்மைப் போல முயலுக்குத் தாராளமாகக் கண்ணீர் வராது, விட்டது கண்ணிலேயே தங்கிவிடும். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விலங்குச் சோதனையை எதிர்க்கும் இயக்கத்துக்கு முயல் அடையாளமானது இந்தக் கண்களால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சில், விலங்குகள் மேல் சோதித்த அழகுசாதனங்களை விற்பதற்கு முழுத்தடை கொண்டுவந்தது. இந்தியா 2014-ல் அந்தச் சோதனையையே தடை செய்தது. அதே வருடம் நவம்பரில் சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் தடை வந்தது. இப்போது ஆய்வுக்கூடத்தில் மனிதத் தோல் செல்களை அடுக்காக வளர்த்து, அதன் மேல் எரிச்சல் சோதனை செய்கிறார்கள். இவ்வளவும் நடந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

ஆனால் முயல் படம் பதில் சொல்வது ஒரு கேள்விக்குத்தான்: இதை விலங்கின் மேல் சோதித்தார்களா? உள்ளே இருப்பது எந்த உயிரிலிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு வீகன், அதாவது விலங்கு, பூச்சியிலிருந்து எடுத்த எதுவும் இல்லாதது, என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். முயல் படம் இருந்தும் உள்ளே தேன்மெழுகு இருக்கலாம், ஆட்டு ரோமத்திலிருந்து வரும் லானோலின் இருக்கலாம், லிப்ஸ்டிக்கில் பூச்சியை நசுக்கி எடுத்த கார்மைன் சிவப்பு இருக்கலாம். முயல்களிலும் வித்தியாசம் உண்டு. லீப்பிங் பன்னி என்கிற தாவும் முயல் முத்திரைக்கு, மூலப்பொருள் தருபவர் வரைக்கும் விசாரித்து, வருடா வருடம் மறுபடி உறுதி வாங்குகிறார்கள். கம்பெனி தானே வரைந்துகொள்ளும் முயலுக்கு அப்படி எதுவும் கிடையாது. என் பாட்டிலில் இருந்தது இரண்டாவது வகை.

அண்ணன் மகளிடம் சொன்னபோது அவளுக்கு வருத்தமாகிவிட்டது. "அத்தை, விலங்குன்னா முயல், எலி, நாய்னுதான் நினைச்சேன். புழுவை நினைக்கவே இல்லை" என்றாள். கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"நீ வாங்காம விட்டா புழு பொழச்சுக்குமா, கண்ணு? நூல் எடுத்தது போக மிச்சமிருக்கிற பசைத் தண்ணி அது. சாக்கடைல விடறதை ஒருத்தன் எடுத்து உபயோகப்படுத்தினா என்ன தப்பு?"

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. முகமூடி போட்டுப் பேச எனக்கு மனசு வராது. என் பீரோவில் மூன்று பட்டுப்புடவைகள் இருக்கின்றன, அடுத்த கல்யாணத்துக்கும் கட்டத்தான் போகிறேன். ஆனால் புடவைக்கடையில் பட்டு என்று சொல்லித்தான் விற்கிறார்கள், நானும் தெரிந்துதான் வாங்குகிறேன். பாட்டிலில் முன்பக்கம் எந்த உயிரையும் துன்புறுத்தவில்லை என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, பின்பக்கம் பட்டைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பட்டுப் பசையிலிருந்து எடுத்தது என்று அப்பா சொன்ன மாதிரியே தைரியமாக எழுதட்டும். இதைக் கேட்டு அண்ணன் மகள் கம்பெனிக்கு மெயில் அனுப்பினாள். நாங்கள் விலங்குகள் மேல் சோதிப்பதில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அலுவலகத்தில் பலர் மிஸ்ட்டைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள். நானும் முதல் வாரம் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அரை மணிக்கொரு தடவை அடித்தேன். அந்த நிமிடம் குளிர்ச்சி, பத்து நிமிடத்தில் முகம் முன்னைவிட இழுத்துப் பிடித்தது. காரணம் எங்கள் மனையிலேயே இருந்தது. வெயில் காலத்தில் புழுவுக்கு ஈரப்பதம் குறையாமலிருக்க அப்பா சன்னல்களில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார். காற்று சாக்கின் வழியாக வருவதால் உள்ளே ஈரமாகவும் குளுமையாகவும் இருக்கும். அதே தண்ணீரை வெளியே முற்றத்தில் தெளித்தால் அடுத்த நிமிடம் காணாமல் போகும். முகத்திலும் அதுதான் நடக்கிறது. மே மாத வறண்ட காற்றில் வெறும் நீர் ஆவியாகிப் போய்விடும். மிஸ்ட்டில் கிளிசரின் மாதிரி ஈரம் பிடிக்கும் பொருள் இருக்க வேண்டும், அடித்த ஈரம் காய்வதற்குள் மேலே கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். பட்டியலின் ஆரம்பத்திலேயே ஆல்கஹால் டினேட் (Alcohol Denat.) என்று இருந்தால் வாங்க வேண்டாம், அது இன்னும் வறட்டும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு, இரண்டு அழுத்து போதும். துண்டால் துடைக்காமல் உள்ளங்கையால் ஒற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே ரோஜா இதழைக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். கல்யாண வாசலில் பன்னீர்ச் சொம்பை ஆட்டித் தெளிக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த யோசனை வருவது இயல்புதான். ஆனால் கெடாமலிருக்க எதுவும் சேர்க்காத நீரில் சில நாளிலேயே கிருமி வளரும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட்டால் சரி. ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜா மட்டும் வேண்டாம். அது பூங்கொத்துக்காக வளர்க்கிற பூ, பூச்சிமருந்து அடித்தது.

இப்போது வேறொரு மிஸ்ட் வாங்கியிருக்கிறேன். தாவும் முயலும் இருக்கிறது, வீகன் என்றும் தனியாக எழுதியிருக்கிறது. தண்ணீர், தாவரக் கிளிசரின், கற்றாழை, பன்னீர், கெடாமலிருக்க ஃபினாக்சிஎத்தனால். பட்டு செய்த வேலையைக் கிளிசரின் குறைவில்லாமல் செய்கிறது.

ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. மனைக்குள் போகிறவர்கள் பவுடர், சென்ட், கொசுவர்த்திப் புகை எதுவும் ஒட்டாமல் போக வேண்டும் என்பது அம்மா எங்களுக்குச் சின்ன வயதிலேயே போட்ட உத்தரவு. புழுவுக்கு வாசனை ஆகாது. நேற்றுத்தான் நான்காவது தோலை உரித்து எழுந்திருக்கின்றன, இனி ஏழெட்டு நாளைக்கு ராப்பகலாகத் தின்னும். பாட்டில் அலுவலக டிராயரிலேயே இருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு இலை போட உள்ளே போகிறேன்.